சிம்சோனின் சாப்பாட்டு வேளை

"உசுரோட துள்ளுததைப் பிடிச்சு வாயில குடுக்கியளே டீச்சர், உங்களுக்கே அடுக்குமா?"

பக்கத்து வீட்டுத் திருஞானசம்பந்தம் சன்னல் வழியாகத் தினமும் கேட்கிற கேள்வி இது. முட்டை உடைக்கிற சத்தம் கேட்டாலே குளிக்கப் போகிற சைவர். ஆனால் சிம்சோன் சாப்பிடுகிற வேளைக்கு மட்டும் அந்தச் சன்னலுக்குத் தவறாமல் வந்துவிடுவார்.

சிம்சோன், லில்லி டீச்சர் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் புள்ளிப் பல்லி. பாளையங்கோட்டையிலேயே ஆளைப் பார்த்துச் சிரிக்கிற பல்லி அது ஒன்றுதான்.

"செத்ததைத் திங்காது அண்ணாச்சி. அசையணும்."

டீச்சர் சில்வண்டுக் கூண்டிலிருந்து ஒன்றை எடுத்து, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி உள்ளே விட்டார். லபக்!

"சிவ சிவா!" என்றார் சம்பந்தம். கண்ணை மட்டும் மூடவில்லை.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து போன். மகள் ஃபெபிக்குக் குறித்த நாளுக்கு முன்னாலேயே பிரசவ வலி.

டீச்சர் தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தார். பூச்சி என்றதும் எல்லோரும் கையை உதறினார்கள். கடைசியில் சம்பந்தம் வீட்டு வாசல்.

"பத்து நாள் அண்ணாச்சி. சீக்குல கிடந்து இப்பதான் தேறுது. பட்டினி போட்டா தாங்காது."

"சாவியக் குடுங்க, செடிக்குத் தண்ணி ஊத்துதேன். தேவாரம் படிக்குத ஆளை இந்தக் கொலைக்குக் கூப்பிடாதிய."

வேறு வழியில்லை. டீச்சர் பஸ் ஏறினார்.

நாலாம் நாள் போனில் கேட்டார்.

"சில்வண்டெல்லாம் இருக்கா அண்ணாச்சி?"

"தோட்டத்துல திறந்து விட்டுட்டேன்."

புதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டே டீச்சர் அழுதார்.

பத்தாம் நாள் வீடு திரும்பியவர், பெட்டியைப் பார்க்கப் பயந்து பைய எட்டிப் பார்த்தார். சிம்சோன், தின்ற கொழுப்பில் வால் கத்தரிக்காய் கணக்காகப் பருத்து, சிரித்தது!

பக்கத்திலிருந்த கிண்ணத்தில் மூன்று சில்வண்டுகள். வாசலில் சம்பந்தம்.

"திறந்து விட்டுட்டேன்னு சொன்னிய?"

"அப்ப வீட்டுக்காரி பக்கத்துல நின்னா." சம்பந்தம் குரலைத் தாழ்த்தினார். "இதுக இன்னைக்கு உள்ள பங்கு. உங்க மாதிரியே பொடியில புரட்டித்தான் வச்சிருக்கேன்."

டீச்சர் தன் கைப்பையைத் திறந்தார். அவசரத்தில் கோயம்புத்தூர் வரை போய்வந்த பொடி டப்பா உள்ளேயே கிடந்தது.

"பொடி என்கிட்டல்லா இருக்கு? இதுக மேல என்ன வெள்ளையா?"

"திருநீறு. சிம்சோனுக்கும் பசி ஆறணும், இதுகளும் நல்ல இடத்துக்குப் போகணும்லா டீச்சர்!"