மெதுவாகப் போன மில் பஸ்

வேடசந்தூர் மில்லுக்குப் போகும் பஸ்ஸின் பின் சீட்டில், ஐரின் தினமும் நான்கு தோழிகளுக்கு பைபிள் வாசித்து விளக்கம் சொல்வாள்.

ஒரு வாரமாக பஸ் லேட். “இன்னொரு நாள் லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் கட்” என்று சூப்பர்வைசர் கத்திவிட்டார்.

“எல்லாம் டிரைவர் நாச்சிமுத்து அண்ணன் பண்ற வேலை. நாம வாசிக்கிறது அவருக்குப் பிடிக்கல. சினிமாப் பாட்டைக்கூட நிப்பாட்டிட்டாரு, பாத்தியா?” என்றாள் தோழிகளில் ஒருத்தியான புஷ்பமேரி.

ஐரின் எழுந்து முன்னால் போனாள். “ஏண்ணே இம்புட்டு மெதுவா ஓட்டுறீங்க?”

“வண்டி பழசு தாயி” என்றார் அவர், திரும்பாமலே.

மறுநாள் ஐரின் பைபிளைத் திறக்கவே இல்லை. “எதுக்கு வம்பு? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வச்சுப் படிச்சுக்கலாம்.”

பத்து நிமிஷம் போயிருக்கும். நாச்சிமுத்து பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, எழுந்து பின்னால் வந்தார்.

“ஏன் தாயி, இன்னைக்கு வாசிக்கலையா? அந்தத் திராட்சைத் தோட்டத்துக்குப் பொழுது சாயுற நேரத்துல ஒருத்தன் வேலைக்கு வந்தானே, அவனுக்கு மொதலாளி எம்புட்டு கூலி குடுத்தான்? நேத்து அதைச் சொல்லாமலே இறங்கிட்டீங்க. தெனமும் கதை முடியறதுக்குள்ள மில்லு வந்திருது. நானும் எம்புட்டு மெதுவாத்தான் ஓட்டுறது?”

ஐரினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “காலையில வந்தவனுக்குக் குடுத்த அதே கூலிதாண்ணே.”

“செத்த நேரம் வேலை பாத்தவனுக்குமா?”

“அவனுக்கும்தான்.”

நாச்சிமுத்து திரும்பிப் போய் சீட்டில் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பியவர், கண்ணாடியில் ஐரினைப் பார்த்தார்.

“அந்த மொதலாளிக்கு டிரைவர் வேணுமான்னு கேளு தாயி. நான் வாரேன்.”