வரதன் ஆடாத சாயங்காலம்

மல்லேஸ்வரம் வீட்டுக்குப் பெண் பார்க்க வரும் நேரம். நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடி, விரல்களை உதறிக்கொண்டிருக்கும் தம்பி வரதனை வேதாவே பின்கட்டுத் தூணில் கட்டினாள். அவள் கட்டினால்தான் திமிற மாட்டான்.

"அவன் ஆடறதைப் பார்த்தா உன் கல்யாணம் நின்னுபோயிடும்" என்றாள் அம்மா.

வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துப்போனது. பிள்ளையின் தாயார் வேதாவைத் தனியே அழைத்தாள்.

"தம்பியை எங்கேடி ஒளிச்சு வெச்சிருக்கேள்?"

வேதாவின் கண் பின்கட்டுப் பக்கம் போனது.

"பயப்படாதே, தரகர் சொல்லித்தான் வந்தோம். எங்க மூத்தவனும் இப்படித்தான் ஆடிண்டே இருப்பான். எனக்கு முடியலை. அவனைப் பார்த்துக்கப் பழகின கையா ஒருத்தி வேணும்."

"வரதன் என் கையால மட்டும்தான் சாப்பிடுவான், மாமி."

மாமி அவள் தலைப்பூவைச் சரிசெய்தாள்.

"கல்யாணத்துக்கப்புறம் வரதன் உனக்கு யாருடி?"