மஞ்சள் பூசாத நிலை

வாடகைக்கு விடலாமென்று பாகீரதி டாக்குரியாவில் வாங்கிய பழைய ஃபிளாட்டில், பால்கனி எப்போதோ இடிந்து போயிருந்தது. அதன் கதவு மட்டும் இரண்டாவது மாடியில் அந்தரத்தைப் பார்த்துத் திறந்தது. செங்கல் வைத்து மூடச் சொன்னாள். வெள்ளிக்கிழமையாயிற்றே என்று மற்ற நிலைகளுக்கெல்லாம் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தவள், இதை விட்டுவிட்டாள். மூடப்போகிற வாசலுக்கு எதற்கு?

மாலையில் உள்பூச்சு முடிந்திருந்தது.

"வெளிப்பக்கம்?"

"சாரம் கட்டாம எப்படி பௌதி? நாளைக்குத்தான்," என்றான் வங்காளிக் கொத்தனார் ஹாரன். எந்த வீட்டம்மாவும் அவனுக்கு பௌதிதான், அண்ணி.

கொத்தனார் பேச்சைக் கண்ணால் பார்க்காமல் நம்பக்கூடாது என்பது அவள் கட்சி. தெருவில் இறங்கி அண்ணாந்தாள். சாரம் இல்லை. வெறும் செங்கல்தான். அதன் கீழே, மூடிய அந்த வாசலின் வெளிப்படி முழுக்க மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. மஞ்சள் இன்னும் காயாமல் சுவரில் வழிந்துகொண்டிருந்தது.