டிக்கியில் ஒரு பாரம்

மெக்கானிக் ஷெட்டு வாசல் வெயிலில் அந்தப் பழைய கார் தரையோடு தரையாகக் கிடக்கிறது. கார் தாழ்வாகத் தெரியட்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியதில் ஒரு பக்கமாக நகர்ந்துபோன பின்சக்கர ஆக்ஸிலை, அவள் புருஷன் இப்போதுதான் இழுத்து நடுவில் நிறுத்தியிருக்கிறான். பாரம் ஏறினால் டயர் உரசுமா என்று பார்க்க வேண்டும்.

"மணல் மூட்டை எதுக்குடா? நம்ம வீட்டு மூட்டையே நிக்குதே! டிக்கி ஓரமா வந்து உக்காருடி."

கூட்டாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவளும் சிரித்துவைக்கிறாள். டிக்கிக்கு முதுகைக் காட்டி, புடவையை ஒதுக்கிக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறாள். டயருக்கும் தகரத்துக்கும் நடுவே இருக்கிற சந்தில் நாலு விரலும் கிரீஸ் படிந்த கல்யாண மோதிரமும் நுழைந்திருக்கின்றன.

"மெதுவா உக்காரு, கை இருக்கு."

மூட்டைக்கு ஏது காது? தொப்பென்று உட்காருகிறாள்.