மீசை வைத்த மேசை

முதலில் வம்புக்கு வந்தது சூப்பர்வைசர்தான். நான் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில், எல்லார் முன்னாலும் என் கையில் பேனாவைத் திணித்தார்.

"உங்க யோசனையை எழுதுங்கண்ணே."

நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். "கண்ணாடியை வீட்லயே மறந்துட்டேன்" என்றேன்.

"போன தடவையும் இதையேதானே சொன்னீங்க!"

அவர் சிரித்தார். கூடவே மொத்தக் கூட்டமும் சிரித்தது. அன்றோடு அவருடன் பேச்சை நிறுத்திவிட்டேன்.

எங்களுக்கு ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற வேலை. ஈரத்துணி வண்டி தள்ளுவது நான். நேற்று மறுபடியும் கூட்டம். புது மெஷினை எங்கே வைப்பது என்று முடிவு செய்யவேண்டுமாம்.

அதற்காகத் தரையில் கோடு போட்டிருந்த இடத்தில் வைத்தால் என் வண்டிக்கு வழியே இருக்காது. கட்டடத்தையே சுற்றி வரவேண்டும், தினம் நாற்பது தடவை. வாயைத் திறந்தால் 'எழுதிக் கொடுங்க' என்பார்களே! கம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் நடத்த வந்த பெண் சுவர் நீளத்துக்குத் தாள் ஒட்டினாள். நாங்கள் பேசப் பேச மளமளவென்று படமாக வரைந்தாள். பிறகு ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனா கொடுத்தாள்.

"மீதியை நீங்கதான் வரையணும். எழுத்து ஒண்ணுகூட வேண்டாம்."

இஸ்திரி போடுகிறவர் தன் இஸ்திரிப் பெட்டியை வரைந்தார்.

"என்னய்யா இது, வாத்தா?"

"கிட்டப் போகாத, சுட்டுடும்!"

அந்தச் சிரிப்பில் நானும் எழுந்துவிட்டேன். மெஷினில் முட்டி நிற்கும் என் வண்டியை வரைந்தேன். மெஷினை மூலைக்குத் தள்ளி இன்னொரு படம் போட்டேன். மூலையில் இருக்கும் மேசையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தேன். யாருடைய மேசை என்று தெரியவேண்டுமே? அதற்கு ஒரு பெரிய மீசை வைத்தேன்.

சிரிப்பில் சுவரே அதிர்ந்தது. எங்களில் மீசைக்காரர் ஒருவர்தான்.

சூப்பர்வைசர் எழுந்து வந்து படத்தை உற்றுப் பார்த்தார். சிரிப்பு சட்டென்று நின்றது.

"என் மீசை இன்னும் கொஞ்சம் பெருசுண்ணே" என்றார். "என் மேசை வெளியவே போகட்டும். மெஷினை மூலையில வைங்க."

கூட்டம் முடிந்து தாளைச் சுருட்டும்போது அந்தப் பெண் சொன்னாள்:

"வழக்கமா எழுதறதுக்குச் சீட்டும் கொடுப்பேன் ஐயா. உங்க சூப்பர்வைசர்தான் மூணு தடவை போன் பண்ணி, எழுதற வேலையே கூடாதுன்னுட்டார்."

"ஏனாம்?"

"இங்க எல்லாம் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காராம். ஆனா கூட்டத்துக்குக் கண்ணாடியை மறந்துட்டுத்தான் வருவாராம்."

எனக்குக் கண்ணாடியே கிடையாது. அது அந்த ஆளுக்கும் தெரிந்திருக்கிறது!

செய்தது நல்ல காரியம்தான். இருந்தாலும் அன்றைக்குச் சிரித்ததற்கு 'மன்னிச்சுக்கங்கண்ணே' என்று ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை. வரும்வரை அவரோடு பேசமாட்டேன்.

அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், வரைந்து காட்டுவேன்.