இரண்டு குளிர் ஜாக்கெட்

"என்ன மாக்ரெட் இது? ஐஸ் பெட்டிக்குள்ள குடியிருக்கப் போறீங்களோ?"

கறிவேப்பிலை கேட்டு மேல்மாடிக்கு வந்த பத்மாவதியின் வாய் முந்திக்கொண்டது. சோபாவில் தலையணை போல உப்பிய இரண்டு நீல ஜாக்கெட்டுகள், கம்பளித் தொப்பி, கையுறை. வெள்ளவத்தை வெக்கையில் அதைப் பார்க்கவே வேர்த்தது.

"கிளெமென்ற் லீவுக்குப் போறான் அக்கா. சுவிஸில என்ர தம்பி கிளறன்ஸ் மலையில அறை எடுத்திருக்கிறான். பனிச்சறுக்கு விளையாட." மாக்ரெட் அவசரமாக ஜாக்கெட்டுகளை மடித்தாள்.

"ஒருத்தனுக்கு ரெண்டு ஜாக்கெட்டோ?"

"ஈரமானா மாத்த வேணுமே அக்கா."

பத்மாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன கிழமைதான் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து அவள் மகன் சிவபாலனைப் பொலிஸ் கொண்டுபோனது. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, வயது இருபது. வேறு குற்றம் எதற்கு? மாக்ரெட்டின் மகன் கிளெமென்ற்றையும்தான் கொண்டுபோனார்கள். மாக்ரெட் போய்ச் சிங்களத்தில் கெஞ்சி இரண்டு பேரையும் கூட்டி வந்தாள்.

அதெல்லாம் இப்போது பத்மாவதிக்கு ஞாபகம் வரவில்லை. என் பிள்ளை கடைக்குப் போகவும் பயந்து அறைக்குள் கிடக்கிறான், இவளுடைய பிள்ளைக்குப் பனியில் விளையாட்டாம்!

வெளிநாட்டுக்கு ஒருவன் தப்பிப் 'போகிறான்' என்றால் எங்கள் சனம் மூச்சு விடாது. பிளேன் ஏறி, போய்ச் சேர்ந்து, போன் வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே சொல்லும். அந்த வழக்கம் பத்மாவதிக்குத் தெரியாததா? ஆனால் இது போகிற கதை இல்லையே, வெறும் ஹொலிடே. ஹொலிடேயைப் பற்றிக் கதைத்தால் என்ன வந்துவிடும்?

கோயிலில் கதைத்தாள். மார்க்கெட்டில் கதைத்தாள். வீடு வீடாகத் துணி விற்க வரும் ஜவாஹிறாவை இருத்தி, தேத்தண்ணி கொடுத்துக் கதைத்தாள்.

"அங்க சண்டையில சனம் சாகுது, இவைக்குச் சறுக்கு விளையாட்டு! ஒருத்தனுக்கு ரெண்டு ஜாக்கெட். கொழுப்பு!"

ஜவாஹிறாவின் துணி மூட்டை நுழையாத ஒழுங்கை கொழும்பில் இல்லை. கதையும் மூட்டையோடு ஊர் சுற்றியது.

அடுத்த கிழமை மாக்ரெட் கீழே வந்தாள். கையில் ஒரு பை. கண் வீங்கியிருந்தது.

"கிளெமென்ற்றுக்கு எப்ப பயணம்?" என்றாள் பத்மாவதி, குத்தலாக.

"இனிப் பயணம் இல்லை அக்கா. அது ஹொலிடேயும் இல்லை." மாக்ரெட் கதிரையில் இருந்தாள். "கொட்டாஞ்சேனையில ஒரு ஏஜென்சிக்காரன், பனி விளையாடப் போற கூட்டமெண்டு சொல்லிப் பெடியளை அனுப்புறவன். அங்க இறங்கினாப் போதும், மிச்சம் கிளறன்ஸ் பாத்துக்கொள்ளுவான். இப்ப ஊரெல்லாம் கதை. பொலிஸ் போய் விசாரிச்சிருக்கு. அவன் பாஸ்போட்டுகளைத் திருப்பித் தந்திட்டு தலைமறைவாயிட்டான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அடுத்த வீட்டுப் பிள்ளையையல்லவா கெடுத்துவிட்டது!

"ஐயோ மாக்ரெட்... நான்தான்... எனக்குத் தெரியாதே..."

"கேள்விப்பட்டனான் அக்கா." குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் பத்மாவதிக்கு அழவாவது முடிந்திருக்கும்.

"ஒரு சொல்லு என்னட்டச் சொல்லியிருந்தா நான் வாய் திறந்திருப்பனோ?"

மாக்ரெட் பையைத் திறந்து நீல ஜாக்கெட் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள். அதன்மேல் ஒரு பாஸ்போட்டையும் வைத்தாள்.

"இது சிவபாலன்ர. ஜாக்கெட்டும் அவன்ர அளவுதான். ரெண்டு பெடியளையும் சேத்துத்தான் அனுப்ப இருந்தம்."

பத்மாவதி மகனின் அறைப் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

"அவனுக்கு... அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியும் அக்கா." மாக்ரெட் தலையைக் குனிந்துகொண்டாள். "அவன்தான் சொன்னவன், 'பிளேன் ஏறினாப் பிறகு அம்மாட்டச் சொல்லுங்கோ அன்ரி, அவவுக்கு வாய் நிக்காது' எண்டு."