திரும்பிப் போக ரெண்டு டிக்கெட்

ஊருக்குத் திரும்ப ரெண்டு டிக்கெட் எடுத்து மடியில் முடிந்துகொண்டுதான் வெள்ளத்துரை மெட்ராஸில் மைத்துனன் வீட்டு டெலிவிஷன் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். ஒன்று அவருக்கு. இன்னொன்று மகள் சரஸ்வதிக்கு. கையோடு கூட்டிப் போய்விடுவது என்ற முடிவில் இருந்தார்.

ஹாஸ்டலில் தங்கி மெட்ராஸ் டெலிவிஷனில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துவதாக மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எழுபத்தெட்டில் அருப்புக்கோட்டையில் டெலிவிஷன் ஏது, பார்த்துத் தெரிந்துகொள்ள? அவரும் தன் வத்தல் மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

போன வாரம் மெட்ராஸிலிருந்து வந்த மைத்துனன் ராஜகுருதான் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டான். "நான் வாரம் தவறாமப் பாக்குறேன் மச்சான். ஒரு பொம்மைதான் பேசுது. நம்ம சரசு ஒருநாளும் வரல."

அன்றைக்குப் போனது அவர் தூக்கம். அப்படியானால் மகள் தினமும் எங்கே போகிறாள், யாரோடு போகிறாள்? சின்னப் பிள்ளையில் மண்டியில் தராசுப் படிக்கல் விழுந்து அவள் சுண்டுவிரல் விறைத்துப்போனதில் ஏற்கெனவே ரெண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. காரியாபட்டிக்காரர்கள்தான் அதைப் பெரிதுபண்ணாமல் சரி என்றார்கள். இந்தச் சங்கதி காதில் விழுந்தால் அவர்களும் கும்பிடு போட்டுவிடுவார்கள்.

அவரை ஏமாற்றுவது லேசில்லை. மண்டியில் ரெண்டு பேர் கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேசினால், தள்ளி நின்று துண்டு அசைவதை வைத்தே விலையைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் கண்ணில் பெற்ற மகளே மண்ணைத் தூவிவிட்டாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு உட்கார்ந்தன. திரையில் ஒரு மேஜை. அதற்கு மேலே முண்டாசு கட்டிய துணிப் பொம்மை ஒன்று எழுந்து கீச்சுக்குரலில் கதை சொன்னது. மனுஷ முகம் ஒன்றைக்கூடக் காணோம்.

பொம்மை ஒரு கையை மடக்கி மடக்கி ஆட்டியது. இன்னொரு கை மடங்காமல் விறைப்பாகவே நின்றது. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"இப்பவாவது நம்புறீகளா மச்சான்?" என்றான் ராஜகுரு. "அவ இங்க வரட்டும், எங்கதான் போறான்னு கேட்டுருவோம்."

வெள்ளத்துரை எழுந்துபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, பொம்மையின் சட்டை அசைவதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடியை அவிழ்த்து ஒரு டிக்கெட்டை மட்டும் ராஜகுருவிடம் நீட்டினார்.

"இதைக் கேன்சல் பண்ணிரு மாப்ளே. அந்தத் துணிக்குள்ள இருக்கது எம் மக கையி."